கூடம் கோணலாக இருந்தால்?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி. தன் குறையை மறைக்கக் கருவியின்மீது பழி போடுகிறவர்களைக் கேலி செய்வதற்காகப் பெரியவர்கள் சொன்னது. சென்ற ஆண்டு நானும் இதை ஒருத்தியிடம் சொன்னேன். பத்துப் பேர் நடுவில், சிரித்துக்கொண்டே சொன்னேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை எழுதவே இந்தக் கட்டுரை. தோழியரே, என் கட்சி இதுதான்: சில சமயங்களில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கிறது. ஆடுகிறவளைக் குறை கூறுமுன் ஓர் அளவுகோலை எடுத்துக் கூடத்தை அளந்து பார்க்க வேண்டும்.

நம் பாடகர் குழுவில் ஒரு கிடார் உண்டு. இசை அறையின் மர அலமாரியில், ஆர்மோனியத்துக்கும் தோல் கிழிந்த தபேலாவுக்கும் நடுவே அது பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறது. ஆறு எஃகுத் தந்திகள் பூட்டியது. சென்ற ஆண்டு ஜூன் மாதம் அதைக் கற்றுக்கொள்ள ஐந்து பேர் பெயர் கொடுத்தோம். ஆகஸ்டு 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் வந்தபோது மூன்று பேர் இருந்தோம். கிறிஸ்மஸ் பாடல் பயிற்சி தொடங்கியபோது நான் ஒருத்திதான். நான் மிஞ்சியதற்குக் காரணம் திறமை என்று எண்ணிவிடாதீர்கள். பிடிவாதம்தான். அதோடு கொஞ்சம் கள்ளத்தனமும் உண்டு. கடினமான கார்ட் வரும் இடங்களில் நான் கிடாரை மெல்லத் தட்டிவிட்டு வாய்ப்பாட்டைச் சத்தமாகப் பாடிவிடுவேன். யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

கடைசியாக விலகியவள் ஏழாம் வகுப்புச் சிறுமி. அவளும் இதைப் படிப்பாள் என்பதால் பெயர் வேண்டாம். நல்ல குரல், நல்ல தாள ஞானம். ‘எஃப்’ என்ற கார்டுக்கு ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து, முதல் கட்டத்தில் தந்திகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். கிடார் பழகுகிற எல்லோருக்கும் முதல் சிலுவை அதுதான். அவள் தோளையெல்லாம் குறுக்கிக்கொண்டு அழுத்துவாள். தந்தி ‘டொக்’ என்று செத்த ஒலி கொடுக்கும். விரல் நுனியில் கத்தியால் கீறியதுபோல் கோடு விழுந்திருக்கும். ஒரு நாள் விரலை ஊதிக்கொண்டே, “அக்கா, இந்தக் கம்பி ரொம்ப மேல நிக்குது அக்கா” என்றாள். அப்போதுதான் நான் அந்தப் பழமொழியைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. பிறகு பாடகர் குழுவில் டாம்பரின் தட்டப் போய்விட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. நோய் இன்னதென்று அவள் சரியாகச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் அது விளங்க ஆறு மாதங்கள் ஆயின.

தவக்காலத்தில் ஒரு நாள் எங்கள் பங்குக் கோவிலில் சிலுவைப்பாதைக்குப் பின் பயிற்சி நடந்தது. பாடகர் குழு அண்ணன் ஒலிபெருக்கி ஒயரைச் சரிசெய்யப் போகும்போது தம் கிடாரை என் கையில் கொடுத்து, “கொஞ்சம் பிடிம்மா” என்றார். சும்மா இராமல் ‘எஃப்’ பிடித்துப் பார்த்தேன். மணிபோல் ஒலித்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. திடீரென்று பெரிய வித்துவாட்டி ஆகிவிட்டதாகவே நினைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக் கிடாரைத் தூக்கினால் பழையபடி ‘டொக்’. ஒரே விரல்கள், ஒரே வாரம். அப்படியானால் மாறியது எது?

கணிதப் பெட்டியிலிருந்த அளவுகோலை எடுத்தேன். அளக்கும் முறையை அந்த அண்ணனே சொல்லித் தந்தார். தந்திகளைச் சுருதி சேர்த்துக்கொண்டு, கழுத்தின்மேல் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளில் (இவற்றைப் பிரெட் என்கிறோம்) பன்னிரண்டாவதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் உச்சிக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். அண்ணனுடைய கிடாரில் தடித்த ஆறாம் தந்தி 2.5 மி.மீ., மெல்லிய முதல் தந்தி 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. எஃகுத் தந்திக் கிடாருக்கு ஏறக்குறைய இதுதான் நல்ல அளவு. நம் பள்ளிக் கிடாரில் ஆறாம் தந்தி 4.5 மி.மீ.! முதல் தந்தி 3.5 மி.மீ.!

இரண்டு மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். கொடியில் துணி காயப்போட்டிருக்கிறோமே, இறுக்கிக் கட்டிய கயிற்றை ஒரு விரல் தாழ்த்துவது எளிது. ஒரு சாண் தாழ்த்துவதென்றால் கை வலிக்கும். தந்தியும் அப்படித்தான். உயரம் கூடக் கூட அழுத்தும் வலுவும் கூடுகிறது. அதுமட்டுமா? நெடுந்தூரம் கீழே இறக்கும்போது தந்தி இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடுகிறது. வெறும் தந்தியைத் தட்டினால் சுருதி சரியாக இருக்கும்; கார்ட் பிடித்தால் பிசகும். ‘அவளுக்குச் சுருதி ஞானம் போதாது’ என்று நாங்கள் பேசிக்கொண்டோமே, அந்தப் பிசகும் அவளுடையது அன்று.

சிஸ்டரிடம் சொன்னேன். அவர்கள் அளவுகோலை வாங்கித் தாமே ஒருமுறை அளந்து பார்த்தார்கள். ஒன்றும் பேசாமல் பாடகர் குழு நிதியிலிருந்து 600 ரூபாய் எடுத்துக் கொடுத்து, அந்த அண்ணனோடும் என் அப்பாவோடும் கிடாரைப் பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்பினார்கள். கடை அண்ணாச்சி முதலில் கிடாரைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்தார். “கிடார் வாசிச்ச மாதிரி இல்லையே, முள்ளு வேலி தாண்டுன மாதிரில்லா இருக்கு” என்றார்.

அன்று நான் கண்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

தந்தியின் உயரத்தை மூன்று இடங்கள் தீர்மானிக்கின்றன: கழுத்தின் வளைவு, தலைப்பக்கம் தந்திகள் பதிந்து செல்லும் ‘நட்’ என்ற பட்டை, வயிற்றுப் பக்கம் குதிரைமேல் நிற்கும் வெள்ளைச் சட்டம். வீணையில் சொல்வதுபோலவே இங்கும் குதிரை என்று எழுதுகிறேன். அந்த வெள்ளைச் சட்டத்தை ஆங்கிலத்தில் ‘சேடில்’ என்கிறார்கள். சேணம் என்று பொருள். குதிரைக்குச் சேணம், பொருத்தம்தானே!

அண்ணாச்சி முதலில் கழுத்தைப் பார்த்தார். முதல் பிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் பதினான்காவது பிரெட்டிலும் ஆறாம் தந்தியை அழுத்திக்கொண்டு, நடுவே ஏழாவது பிரெட்டின் அருகில் இடைவெளியைக் கவனித்தார். மெல்லிய அட்டை ஒன்று நுழையுமளவு, சுமார் கால் மில்லிமீட்டர் இருக்கலாமாம். நம் கிடாரில் அதைவிட நன்றாகவே அதிகம். கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஒளிந்திருக்கிறது. டிரஸ் ராடு என்று பெயர். திருகித் திருத்தக்கூடிய இந்த அமைப்புக்கு, கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ என்பவர் 1923 இல் காப்புரிமை பெற்றார். அண்ணாச்சி அதைக் கால் சுற்று மட்டும் திருகினார். ஆறாம் தந்தி 4 மி.மீ.க்கும், முதல் தந்தி 3 மி.மீ.க்கும் இறங்கின. “இன்னும் திருகுங்களேன்” என்றேன். கோபித்துக்கொண்டார். அந்தக் கம்பி கழுத்தின் வளைவைத் திருத்தத்தான். தந்தியை இறக்குவதற்கு அன்று. ஆசைப்பட்டுத் திருகிக்கொண்டே போனால் கம்பி முறிந்துவிடும், பிறகு கிடாரே போய்விடும் என்றார்.

அடுத்தது நட். தந்தியை மூன்றாம் பிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் பிரெட்டின்மேல் பார்த்தால், தாள் கனமுள்ள இடைவெளிதான் தெரிய வேண்டும். நமக்கு ஜன்னலே தெரிந்தது! புதிதாகக் கற்கிறவர்கள் பிடிக்கும் கார்டுகள் எல்லாம் முதல் இரண்டு மூன்று கட்டங்களில்தான் இருக்கின்றன. அந்த இடத்தில் தந்தியைத் தூக்கி வைத்திருப்பது இந்த நட்தான். அந்தச் சிறுமியின் விரலைக் கீறிய குற்றவாளியை நான் அங்கே பார்த்தேன். மெல்லிய அரங்களால் ஒவ்வொரு வெட்டையும் இம்மி இம்மியாக அராவினார். இந்த வேலையை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். ஒரு வெட்டு ஆழமாகிவிட்டால் தந்தி முதல் பிரெட்டில் உராய்ந்து கரகரக்கும். நட்டையே மாற்ற வேண்டியதாகும்.

மூன்றாவது சேணம். இங்கேதான் நம் பத்தாம் வகுப்புக் கணிதம் வந்து நின்றது. “பன்னிரண்டாம் பிரெட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைய வேண்டும். சேணத்தில் எவ்வளவு தேய்க்கணும், சொல்லும்மா” என்று கேட்டார். ஒன்றரை என்று சொல்லித் தலையில் குட்டு வாங்காத குறை. பன்னிரண்டாம் பிரெட் என்பது நட்டுக்கும் சேணத்துக்கும் சரிபாதியில் இருக்கிறது. வெறும் தந்தியின் ஸ்வரமே மேல் ஸ்தாயியில் அங்கே ஒலிப்பது அதனால்தான். தந்தியின் ஒரு முனை நட்டில் நிலையாக நிற்க, மறுமுனையை இறக்கினால், நடுவில் அதில் பாதிதான் இறங்கும். வடிவொத்த முக்கோணங்கள்! ஆகவே 1.5 மி.மீ. குறைய, சேணத்தில் 3 மி.மீ. எடுக்க வேண்டும். முதல் தந்திப் பக்கம் 1 மி.மீ. குறைய, 2 மி.மீ. எடுக்க வேண்டும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த தேற்றம் கிடாருக்குள் உட்கார்ந்திருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

தந்திகளைத் தளர்த்தி, முளைகளைப் பிடுங்கி, சேணத்தை வெளியே எடுத்தார். பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாளை விரித்து, சேணத்தின் அடிப்பக்கத்தைத் தேய்த்தார். மேல்பக்கம் வளைவாகச் செதுக்கியது, அதைத் தொடக்கூடாது. அடி சமதளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தந்தியின் அதிர்வு பலகைக்குச் சரியாக இறங்காது. கோடு வருமுன்பே இரண்டு முறை நிறுத்தி, திரும்பப் பூட்டி, அளந்து பார்த்துவிட்டுத்தான் மீண்டும் தேய்த்தார். “எடுத்ததை ஒட்டவைக்க முடியாதுல்லா” என்றார். முடிவில் ஆறாம் தந்தி 2.5, முதல் தந்தி 2.

ஏன் இப்படி உயர்ந்தது என்று கேட்டேன். அவர் தந்திகளைக் காட்டினார். தடித்த எஃகுத் தந்திகள். சாதாரண மெல்லிய தந்திகளே ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடையின் வலுவோடு இழுக்கின்றன. அப்பாவையே தூக்கிக் கழுத்தில் தொங்கவிட்டதுபோல! ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் இழுத்தால் கழுத்து முன்னே வளைகிறது, குதிரைக்குப் பின்னால் பலகை வயிறு உப்புகிறது. நம் ஊர் கடற்கரை ஊர் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும்போது தந்தி இன்னும் மேலே போகிறது. வறண்ட காலத்தில் இறங்குகிறது. கிடார் ஒரு தடவை சரிசெய்து மறந்துவிடும் பொருள் அன்று. வீணையின் மெட்டுகளை மெழுகில் மறுபடி பதிக்கிறார்களே, அதுபோல் இதற்கும் பராமரிப்பு உண்டு.

இனி, எனக்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன்.

‘நோகாமல் நோன்பு கும்பிட முடியுமா? வலித்தால்தான் கலை வரும்’ என்பார்கள். வலியை இயேசுவுக்கு ஒப்புக்கொடு என்று நம் பள்ளியில் சொல்லாத நாள் உண்டா? எஃகுத் தந்தியில் எவருக்கும் முதல் சில வாரங்கள் விரல் நோகத்தான் செய்யும். தோல் காய்த்துப்போன பின் அந்த நோவு போய்விடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வேறு வலி, இது வேறு வலி. செருப்பில் முள் தைத்திருந்தால் அதைப் பிடுங்கிவிட்டுத்தானே திருயாத்திரை போகிறோம்? முள்ளோடு நடப்பதுதான் பக்தி என்று யாரும் சொல்வதில்லை. அளவுகோலும் உப்புத்தாளும் நீக்கக்கூடிய வலியை ஒரு சிறுமியின் பொறுமைக்குப் பரீட்சையாக வைக்க நமக்கு என்ன உரிமை?

சிலர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் முடிந்தவரை இறக்கிவிடலாமே என்று எண்ணக்கூடும். அதுவும் ஆகாது. தந்தி அதிர இடம் வேண்டும். மிகவும் தாழ்ந்தால் பிரெட்டுகளில் பட்டுக் கரகரவென்று இரையும். சேணம் குதிரைக்குள் அமிழ்ந்துபோனால் ஒலியும் மங்கும். ஓங்கி அடித்து வாசிப்பவர்களுக்குச் சற்று உயரமாகவே இருக்க வேண்டும். நைலான் தந்திக் கிடாரில் 4 மி.மீ., 3 மி.மீ. என்பது வழக்கமான அளவுதான். நைலான் மெதுவானது, அகலமாக அதிர்வது. அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அதன்மேல் எஃகுத் தந்தியை மட்டும் பூட்டிவிடாதீர்கள், குதிரை பிய்ந்து வந்துவிடும்.

என் மனத்தில் மிகவும் உறுத்துவது வேறொன்று. நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் கையில் நல்ல கிடார் இருக்கிறது. கற்றுக்குட்டிகளுக்கு, ‘பழகத்தானே, இது போதும்’ என்று அலமாரியில் கிடப்பதைக் கொடுக்கிறோம். உண்மையில் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? காய்த்த விரல் உள்ளவர் கோணல் கிடாரையும் சமாளிப்பார். கிடார் கோணலா, தன் கை கோணலா என்று பிரித்தறியத் தெரியாதவள் புதிதாகக் கற்பவள்தான். அவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு கிடார் இல்லை. ஆகவே பெரியவர்கள் சொல்வதை நம்பிவிடுகிறாள். ‘எனக்கு வராது’ என்று ஒரு தடவை நம்பிவிட்டால், பிறகு கிடாரைச் சரிசெய்தாலும் அந்த நம்பிக்கையைச் சரிசெய்ய எந்தக் கடைக்குக் கொண்டுபோவது?

கோவிலுக்குக் கிடார் எதற்கு, ஆர்மோனியம் போதாதா என்று என் பாட்டி கேட்பார்கள். 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், குழல் ஆர்கனுக்குத் தனி மதிப்புக் கொடுத்துவிட்டு, தகுதியான, அல்லது தகுதியாக்கக்கூடிய மற்ற இசைக்கருவிகளையும் ஏற்கலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. நம் அலமாரிக் கிடார் ‘தகுதியாக்கக்கூடிய’ வகையைச் சேர்ந்தது என்று பாட்டியிடம் சொன்னேன்! அதற்கும் முன்பே, 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃபில், ஜோசப் மோர் என்ற இளம் குருவும், பிரான்ஸ் சேவர் குரூபர் என்ற பள்ளி ஆசிரியரும் ‘சைலன்ட் நைட்’ பாடலை முதன்முதலில் கிடாரோடுதான் பாடினார்கள். மோர் அடிகளின் கிடாரில் தந்தி எவ்வளவு உயரம் என்று யாராவது அளந்திருப்பார்களா? எனக்கு இப்போது எந்தக் கிடாரைப் பார்த்தாலும் பன்னிரண்டாம் பிரெட்டுக்குத்தான் கண் போகிறது.

இந்த ஜூன் மாதம் ஆறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். இருவர் டியூஷன் காரணமாக நின்றார்கள். நால்வர் இன்றும் வருகிறார்கள். அவர்களில் இருவருக்கு ‘எஃப்’ வந்துவிட்டது. இசை அறை ஆணியில் ஓர் இரும்பு அளவுகோலையும் ஒரு நோட்டையும் கயிறு கட்டித் தொங்கவிட சிஸ்டர் அனுமதி கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை அளந்து எழுதுகிறோம். இந்த வழக்கம் நான் பள்ளியை விட்டுப் போன பின்னும் தொடர வேண்டும் என்பது என் வேண்டுகோள். இன்னொன்றும் கேட்கிறேன்: புதியவர்கள் சேரும் ஜூன் மாதத்தில், முதல் பாடத்துக்கு முன் கிடாரைக் கடைக்கு அனுப்பி வாருங்கள். ‘இவளுக்கு வராது’ என்று யாரைப் பற்றியாவது சொல்ல வாய் வந்தால், முதலில் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

கிடார் சரியாகி வந்த மறுநாளே நான் அந்தச் சிறுமியைத் தேடிப் போனேன். இப்போது அவள் எட்டாம் வகுப்பு. மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல அக்கா” என்றாள். வாசித்துப் பார் என்றேன். “வேண்டாம் அக்கா, எனக்கு அது வராது” என்று டாம்பரினைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இன்னும் இரண்டு முறை கேட்டேன், அதே பதில். மூன்றாம் முறை, “வாசிக்க மாட்டேன். அளக்குறதுக்கு வேணும்னா வாரேன்” என்றாள்.

அப்படித்தான் ஆகஸ்டு முதல் நோட்டில் அவளுடைய கையெழுத்து. ஆகஸ்டில் ஆறாம் தந்தி 2.5, முதல் தந்தி 2. செப்டம்பரும் அக்டோபரும் அதே அளவு. நவம்பர் கடைசியில், நான்கு நாள் விடாமழைக்குப் பின் எழுதியிருக்கிறாள்: ஆறாம் தந்தி 3, முதல் தந்தி 2.3. அதன் கீழே, பென்சிலில், சிறிதாக: ‘அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம் கஷ்டம்.’